1870 ஐந்து சதம் மினுங்கினால் புரூஃப் ஆகிவிடுமா?

கேள்வி கேட்ட தம்பி உவர்மலையில் இருக்கிறார். அப்பப்பாவின் தகரப் பெட்டிக்குள் 1870ஆம் ஆண்டுச் செம்பு ஐந்து சதம் ஒன்று கிடைத்திருக்கிறது, பொன்போல மினுங்குகிறது. அதைப் பார்த்த ஒருவர் "இது புரூஃப் காசு", அதாவது புழக்கத்துக்கு இல்லாமல் விசேஷமாக அடித்த காசு, என்று சொல்லிவிட்டு, தன்னிடமுள்ள 1815ஆம் ஆண்டு 'இரண்டு ஸ்டைவர்' செம்புக் காசு ஒன்றையும் (ஸ்டைவர் என்பது ஒல்லாந்தர் காலத்துக் காசுக் கணக்கு) "பொன் பூசிய புரூஃப்" என்று 85,000 ரூபாய்க்குத் தர வந்திருக்கிறார். வாங்கலாமா, 19ஆம் நூற்றாண்டுச் செம்பு புரூஃப் காசுகளைச் சேர்ப்பதை எங்கிருந்து தொடங்குவது, கடற்காற்று அடிக்கும் திருகோணமலையில் அவற்றை எப்படி வைத்திருப்பது, இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

தம்பி, 85,000 ரூபாயை இப்போதைக்கு வங்கியிலேயே விடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு இரவு பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பப்பாவின் ஐந்து சதம் புரூஃப் இல்லை, ஆனால் வைத்திருக்க வேண்டிய காசு. அந்த ஸ்டைவரை வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் மிச்சம் எல்லாம்.

புரூஃப் என்பது காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் இல்லை, எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லும் சொல். இதை விளங்கிக்கொண்டால் பாதி ஏமாற்று உங்களிடம் வராது. புழக்கத்துக்கு அடிக்கும்போது ஒரே அச்சை ஆயிரக்கணக்கில் ஓட்டுவார்கள், செம்பு வில்லை வந்தபடியே உள்ளே போகும், ஒரு அடி, மற்றக் காசுகளின் மேல் விழும், அப்புறம் சாக்கில் கட்டி ஏற்றிவிடுவார்கள். புரூஃபுக்கு அப்படி இல்லை. அச்சின் முகத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றுவார்கள், வில்லையையும் பொறுக்கியெடுத்து மெருகேற்றுவார்கள், மெதுவாக, பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள், வெளியே வந்த காசைக் கையால் எடுத்து வைப்பார்கள். அதிகாரிகளுக்குக் காட்ட, சேகரிப்பாளருக்குக் கொடுக்க, காசு அடிக்கும் ஆலையின் திறமையைக் காட்டச் செய்தவை அவை. அப்படிப் பிறந்த காசு யாரோ ஒருவரின் சட்டைப்பைக்குள் பத்து வருடம் கிடந்து தேய்ந்தாலும் புரூஃப்தான். புழக்கத்துக்குப் பிறந்தது நூறு வருடம் பட்டுத்துணிக்குள் இருந்தாலும் புழக்கக் காசுதான்.

இன்னொன்று, 19ஆம் நூற்றாண்டுச் செம்பு புரூஃபில் நிறையக் காசு மினுங்கவே மினுங்காது. பர்மிங்காமில் மத்தேயு போல்டன் நடத்திய சோஹோ ஆலையிலும், பிறகு லண்டன் அரச ஆலையிலும், செம்புக்கு வெண்கல நிறம் ஏற்றும் பக்குவம் ஒன்று செய்தார்கள். பார்த்தால் நல்ல சொக்லேட் நிறம், வழுவழுப்பு, மினுக்கம் அடங்கியிருக்கும். விபரம் தெரியாதவர் கையில் கிடைத்தால் அழுக்குப் பிடித்த காசு என்று நினைத்துத் தேய்த்துவிடுவார், அதோடு அதன் உயிர் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், மினுக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது அது.

முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள், நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைப்பார்களே, அதுதான். யன்னலோரம் இருந்து, காசை விளிம்பில் மட்டும் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். புரூஃபில் உயர்ந்த கரையும் உட்தளமும் சந்திக்கும் இடம் சுவரும் நிலமும்போலக் கூராக இருக்கும். புழக்கக் காசில் அந்த மூலை உருண்டு வழிந்திருக்கும். கரைக்கு உள்ளே சுற்றிவர ஓடும் சின்னப் பல் வரிசையைப் பாருங்கள், புரூஃபில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக நிற்கும். எழுத்துகளின் தலை தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கும். இவையெல்லாம் அடிக்கும் அழுத்தத்தில் வருபவை, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வராது.

அடுத்தது தளத்திலுள்ள கோடுகள். இதைப் பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், ஆனால் பழகிவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அச்சை மெருகேற்றும்போது அச்சில் மெல்லிய கீறல் விழும், அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். ஆகவே மேடான மெல்லிய கோடுகள் ஆலையில் பிறந்தவை, எழுத்தின் அடிவரை ஓடி அங்கே நின்றுவிடும். யாரோ துணியால் தேய்த்த கோடுகள் பள்ளமாக இருக்கும், எழுத்தின் மேலும் ஏறி ஓடும். துருவுக்கும் இதே கணக்குத்தான். தளத்தில் புள்ளி புள்ளியாகக் குமிழ் எழும்பியிருந்தால் அச்சு துருப்பிடித்திருந்தது என்று அர்த்தம், குழி விழுந்திருந்தால் காசே அரிக்கப்பட்டிருக்கிறது. மேடா பள்ளமா என்று தெரிய வெளிச்சத்தை ஒரு பக்கமாக மட்டும் விட்டு, காசை மெதுவாகச் சுற்றுங்கள், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

இப்போது உங்கள் ஐந்து சதத்துக்கு வருகிறேன். இரண்டாவது படத்தில் கீழ்ப்பக்கப் பல் வரிசை கரையோடு கலந்து போகிறது, எழுத்துகளின் ஓரம் உருண்டிருக்கிறது, அரசியின் கன்னத்தைத் தாண்டித் தளம் வரைக்கும் ஒரே திசையில் நூல்நூலாகக் கோடு. யாரோ தேய்த்திருக்கிறார்கள். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் செம்பு இளஞ்சிவப்புக் கலந்த செம்மஞ்சளாக, சாய்க்கும்போது வண்டிச் சில்லின் ஆரங்கள் சுழல்வதுபோல ஒளி ஓடும். தேய்த்த செம்பு எங்கும் ஒரே சீராகப் பளபளக்கும், ஒளி ஓடாது. உங்களுடையது இரண்டாவது வகை. எங்கள் வீடுகளில் குத்துவிளக்கு மினுக்கும் நாளில் பழப்புளியும் சாம்பலும் எடுத்த கையோடு காசுக்கும் போட்டுத் தேய்ப்பது வழக்கமாக இருந்தது, அன்போடுதான் செய்தார்கள். ஆனால் புளியும் தேசிக்காயும் செம்பின் மேல் தோலையே தின்றுவிடும். இனி ஒன்றும் செய்யாதீர்கள், அப்படியே விட்டால் சில வருடத்தில் நிறம் திரும்ப இறங்கும்.

அந்தக் காசைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் பவுண், ஷில்லிங், பெனி கணக்கை விட்டு ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு 1872 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக 1870 என்று ஆண்டு போட்டு கால், அரை, ஒன்று, ஐந்து சதம் என நான்கு செம்புக் காசுகள் கல்கத்தா ஆலையில் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் விக்டோரியா, மறுபக்கம் தாளிப்பனை மரம், மரத்தின் இரு பக்கமும் பெறுமதி சிங்களத்திலும் தமிழிலும். எங்கள் எழுத்துள்ள பிரிட்டிஷ் காலச் செம்புக் காசு கையில் வரும்போது எனக்கு இப்போதும் மனம் நிறையும். ஐந்து சதம் 34 மில்லிமீற்றர் அகலம், 18.9 கிராம், கையில் வைத்தாலே பாரம் தெரியும். ஒரு சதம் 4.72 கிராம், மற்றவை அதே கணக்கில் குறைந்து வரும், கால் சதம் 1.18. செம்பு ஐந்து சதம் 1892 என்ற ஆண்டோடு நின்றுவிட்டது, 1909இல் வந்த ஐந்து சதம் நிக்கல் கலந்த சதுரக் காசு. நகைக்கடைத் தராசில் வைத்து உங்கள் காசின் நிறையைப் பாருங்கள், தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையலாம், ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இந்தச் சதக் காசுகளுக்குப் புரூஃப் உண்மையாகவே உண்டு. ஆனால் இங்கே ஒரு சிக்கல். கல்கத்தா ஆலை பழைய அச்சுகளை வைத்துக்கொண்டு, சேகரிப்பாளர் கேட்டால் மறுபடி அடித்துக் கொடுத்து வந்தது. செம்புக் காசின் அச்சிலேயே வெள்ளியிலும் தங்கத்திலும் அடித்தவைகூட உண்டு. ஆகவே காசில் 1890 என்று இருந்தாலும் அடித்தது 1890 என்று சொல்ல முடியாது. இவற்றை மறுஅடிப்பு என்போம். போலி இல்லை, உண்மையான அச்சு, உண்மையான ஆலை, ஆனால் காலம் வேறு, விலையும் வேறு. சோஹோ காசுகளிலும் இதே கதை நடந்தது. ஆலையை மூடி 1850இல் ஏலம் விட்டபோது, லண்டனில் காசு அச்சுச் செதுக்கும் டெய்லர் என்பவர் பழைய அச்சுகளை வாங்கி, துருவைத் துடைத்துவிட்டு, சேகரிப்பாளருக்கென்று அடித்துத் தள்ளினார். மேலே சொன்ன எழும்பிய குமிழ்ப் புள்ளிகள் அவற்றில்தான் நன்றாகத் தெரியும். சிலர் மறுஅடிப்பை ஒதுக்குவார்கள், நான் ஒதுக்க மாட்டேன், மறுஅடிப்பு என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்குவேன். சொல்லாமல் விற்பதுதான் எனக்குப் பிடிக்காது.

சரி, அந்த ஸ்டைவர். இலங்கையில் பிரிட்டிஷார் தொடக்கத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன ரிக்ஸ் டொலர், ஸ்டைவர் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். கொழும்பில் அடித்த தடித்த யானைக் காசுகள் கரடுமுரடானவை, அவற்றில் யாராவது புரூஃப் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். 1802 என்று ஆண்டு போட்டு வந்த யானைக் காசும், 1815இல் மூன்றாம் ஜோர்ஜ் தலையும் யானையுமாக வந்த அரை, ஒன்று, இரண்டு ஸ்டைவரும் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்தவை, அவற்றுக்குப் புரூஃப் உண்டு, பொன் பூசிய புரூஃபும் உண்டு. ஆகவே அவர் சொல்வது நடக்க முடியாத விஷயம் இல்லை. ஆனால் உங்கள் படத்தில் யானையின் முதுகும் தலையும் தேய்ந்து தட்டையாகி, அந்தத் தேய்ந்த இடத்தின் மேலும் பொன் படர்ந்திருக்கிறது. காது ஓரத்திலுள்ள கீறலுக்குள்ளும் பொன் இறங்கியிருக்கிறது. காசு முதலில் தேய்ந்தது, பிறகு கீறல் விழுந்தது, அதற்கும் பிறகுதான் பொன் வந்தது. 1815இல் பூசியிருந்தால் தேய்ந்த இடத்தில் செம்பு வெளியே தெரிய வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். பல வருடத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு வியாபாரியிடம் இதேபோல ஒரு ஒற்றை ஸ்டைவர் வாங்கினேன், அப்போது எனக்கு இரண்டு மாதச் சம்பளம். ரயிலில் திருகோணமலை வரும் வழி முழுக்க சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தேன். வீட்டில் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்த முதல் நிமிடத்திலேயே கீறலுக்குள் இருந்த பொன் தெரிந்தது. அன்று இரவு சாப்பிடவில்லை. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, புதிதாகச் சேர்ப்பவர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். நீங்களும் வந்து பாருங்கள், படத்தில் பார்ப்பதைவிட அது நன்றாக விளங்கும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1815 மார்ச் 2 என்று ஒரு எல்லை இருக்கிறது, கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்கு முந்தியது என்று கருதக்கூடிய, இந்த நாட்டில் இருக்கிற அல்லது கிடைக்கிற பொருள் தொல்பொருளாகிவிடும், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1802 யானைக் காசு அந்த எல்லைக்கு உள்ளே, 1870 சதம் வெளியே. 1815 ஸ்டைவர் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது, அதை வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்ப நினைத்தால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்காமல் அனுப்பாதீர்கள். நிலத்தைக் கிண்டி எடுத்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம்.

இனிப் பாதுகாப்பு. எங்கள் ஊரில் இதுதான் பெரிய வேலை. கடற்காற்றில் உப்பு இருக்கிறது, உப்பிலுள்ள குளோரைட்டும் ஈரமும் சேர்ந்தால் செம்பை உள்ளிருந்து தின்னும். இளம் பச்சையில் மாவு மாதிரிப் புள்ளி கிளம்பும், துடைத்தால் போகும், இரண்டு மாதத்தில் அதே இடத்தில் இன்னும் பெரிதாகத் திரும்ப வரும். பழைய களிம்பு வேறு, அது கடினமாக, கரும்பச்சையாக, அசையாமல் இருக்கும், அதோடு வாழலாம். மாவுப் பச்சை வந்தால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போட்டு, நீரை நாள்தோறும் மாற்றி, நன்றாக உலர்த்தித் தனியே வையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், இங்கே கிணறுகளில் உவர் ஏறும்.

மென்மையான பிளாஸ்டிக் அல்பம் வாங்காதீர்கள். பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் எண்ணெய், சூட்டில் வெளியே கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினாக ஒட்டும். நான் ஒரு மாரி முழுக்கப் பதினான்கு காசை அப்படி ஒரு அல்பத்தில் விட்டு, தை பிறந்த பிறகு திறந்தபோது பதினொன்றில் பிசின். சுத்தமான அசிற்றோனில் தோய்த்தால் பிசின் கரையும், ஆனால் அதற்குள் செம்பைக் கடித்திருந்தால் அந்த அடையாளம் போகாது. மைலார் என்ற பிவிசி இல்லாத தெளிந்த பிளாஸ்டிக் உறை, அல்லது கடினமான வட்டக் கூடு, அதை ரப்பர் வளையம் வைத்து இறுகப் பூட்டும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பை இரண்டு வையுங்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள், கச்சான் காற்று அடிக்கும் உலர்ந்த மாதங்களில் பகலில் திறந்து பாருங்கள். மர அலுமாரிக்குள் வெறுமனே போட வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் செம்புக்கு ஆகாது. சாமியறைப் பக்கமும் வேண்டாம், கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். காசைத் தொடுவதானால் விளிம்பில் மட்டும், கை கழுவித் துடைத்த பிறகு. புரூஃப் தளத்தில் பட்ட விரலடையாளம் ஒரு வாரத்தில் பதிந்துவிடும், பிறகு எதைப் போட்டாலும் எடுபடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். புரூஃபிலிருந்து தொடங்காதீர்கள். 1870இன் நான்கு சதக் காசையும் புழக்க நிலையில், தேய்க்காததாக, மண்ணிறமாக இருந்தாலும் பரவாயில்லை, சேருங்கள். ஒரே காசை முப்பது நாற்பது பார்த்த பிறகு ஒரு புரூஃப் எதிரே வந்தால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கண்ணே நின்றுவிடும். கொழும்பு கோட்டையில் சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள், கண்ணாடிக்குப் பின்னால்தான், ஆனாலும் வரிசையாகப் பார்ப்பது வேறு.

முதல் புரூஃபாக நான் சொல்வது கால் பார்திங். பிரிட்டிஷ் பவுண் கணக்கில் அடித்த காசுகளிலேயே மிகச் சின்னப் பெறுமதி, பதினாறு சேர்ந்தால்தான் ஒரு பெனி, அதுவும் இலங்கைப் புழக்கத்துக்கென்றே அடித்தது. 1839, 1851, 1852, 1853 ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தது, பதின்மூன்றரை மில்லிமீற்றர், சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 1852க்கும் 1853க்கும் புரூஃப் உண்டு. 1868 என்று ஆண்டுள்ளது புரூஃபாக மட்டுமே வந்தது, ஆனால் அது வெண்கலமும் செம்பு-நிக்கலும், பிரிட்டன் 1860இலேயே செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறிவிட்டது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் கிரீடத்தின் ஒவ்வொரு மணியும் தனியாகத் தெரியும்படி அடித்திருப்பதை நான் முதல் தடவை பார்த்தபோது மூச்சு விடாமல் பார்த்தேன், இன்னமும் அப்படித்தான்.

வாங்கும்போது என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் என்ற காசுத் தரம் பார்க்கும் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரம் குறித்ததாக வாங்குங்கள், கூட்டிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள், கூட்டையும் போலியாகச் செய்கிறார்கள். தரத்தோடு பிஎன், ஆர்பி, ஆர்டி என்று எழுத்து இருக்கும், மண்ணிறம், கலப்பு, சிவப்பு. சிவப்புக்கு விலை ஏறும், ஆனால் எங்கள் காற்றில் சிவப்பு நிலைக்காது, இங்கே வைத்திருக்கப் போகிற ஒருவர் மண்ணிறத்தை வாங்குவதுதான் புத்தி.

புரூஃபுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் இந்த ஊர்க்காரர் நீங்கள் என்பதால் சொல்கிறேன். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் அடித்த செம்பு ஸ்டைவரில் கம்பனி முத்திரையோடு ஆலையின் முதலெழுத்து இருக்கும், கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ, திருகோணமலைக்கு டி (T). அந்த டி எழுத்துள்ள ஸ்டைவர், கோணலாக, விளிம்பு வெடித்து, எந்த அழகும் இல்லாமல் இருந்தாலும், என் புரூஃப்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்ததாக ஐந்து சதத்தின் விளிம்பை மட்டும் பக்கவாட்டில் வைத்து, யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுத்து அனுப்புங்கள், நிறையையும் எழுதுங்கள். அந்த 1815க்காரர் திரும்ப வந்தால், தேய்ந்த இடத்தில் பொன் எப்படி வந்தது என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்.